வெள்ளிக்கிழமை லாக் அவுட்

நான் எதையும் நிறுத்தவில்லை. வீட்டுக்குக் கிளம்பினேன், அவ்வளவுதான். கிளம்பச் சொன்னதே அவர்கள்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாரம் எங்கள் ஊர் தம்பெரேயில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். வாப்பு என்று ஒரு பொம்பளை, கோபத்தில் ஊர் சவுனாவை எல்லாம் அணைத்துவிட்டாளாம். டிராமில் என் காதுபடவே பேசினார்கள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளவில்லை. உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டேன்.

எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சவுனா இருக்கும், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வியர்க்க உட்காரும் அறை. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் முறை. செவ்வாய், புதன் முறையெல்லாம் கேட்டால் கிடைக்கும். வெள்ளி மாலை ஆறு மணி முறை அப்படியில்லை, யாராவது கண்ணை மூடினால்தான் கைமாறும். என் எதிர்வீட்டு என்சியோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடிக்காரர் போய்ச் சேர்ந்தபோது பூங்கொத்தோடு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு, திரும்பும் வழியிலேயே அந்த முறைக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தவர். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கொடுக்காவிட்டால் நான் கொடுத்திருப்பேன்.

அந்த முறைகளைத்தான் எங்கள் கம்பெனி வூரோகெல்லோ கவனிக்கிறது. முறை வந்தால் எங்கள் சர்வர் அடுப்பைச் சூடாக்கும், கதவைத் திறந்துவிடும். நேரம் முடிந்தால் அணைத்துப் பூட்டிவிடும். சாவியும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. 'எல்லாம் தானாக நடக்கும்' என்று டிராமின் பக்கவாட்டில் பெரிதாக எழுதி ஓட்டினார்கள். அந்தத் 'தானாக' என்பது நான்தான்.

என் வேலை என்னவென்று சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கன்டெய்னர் குழு, கன்டெய்னர் என்றால் சர்வருக்குள் ஒரு நிரல் தனியாக ஓடும் பெட்டி. முறையைக் கவனிக்கும் நிரல் ஒரு கன்டெய்னரில் இருக்கும், அடுப்பைக் கவனிப்பது இன்னொன்றில், பூட்டைக் கவனிப்பது மற்றொன்றில். ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் போல அவை உள்ளுக்குள் பேசிக்கொள்ளும், வெளியே போகவர ஒரே வாசல். இதையெல்லாம் நான் டெர்மினலில், கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துக் கட்டுவேன். முதலில் காலிக் குழு ஒன்றை உண்டாக்க வேண்டும். அதற்குப் பெயர் என்ன, வாசல் எது என்பதை அந்த நிமிஷமே சொல்லியாக வேண்டும். பிறகு கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக உள்ளே விட வேண்டும். டெர்மினல் எனக்குப் பிடிக்கும். அது சிரித்து மழுப்பாது. முடியும் என்றால் செய்யும், முடியாது என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லும். கம்பெனியில் அப்படி வேறு யாரும் இல்லை.

குறிப்பாக யல்மாரி அப்படியில்லை. யல்மாரி எங்கள் மேலாளர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், நல்ல சட்டைகள் போடுவான். சர்வரில் முழு அதிகாரம் அவன் ஒருவனுக்குத்தான். நாங்கள் எல்லாரும் சாதாரணக் கணக்கில் வேலை பார்க்க வேண்டும், அவனும் அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கில்தான் பார்ப்பான். அதில் தப்பில்லை, நல்ல பழக்கம்தான். ஆனால் சாதாரணக் கணக்கில் கட்டிய குழுவுக்கு ஒரு வினை உண்டு. கணக்குக்காரர் லாக் அவுட் செய்து வெளியே போனால், ஆள் போய்விட்டார், இனி எதற்கு என்று இயந்திரம் அவருடைய வேலைகளை எல்லாம் அணைத்துவிடும். அதற்கு மருந்து ஒரே ஒரு வரி. இன்ன ஆள் போனாலும் அவருடையது ஓடட்டும் என்று முழு அதிகாரக்காரர் ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு உள்ள எதுக்கு வேலை ஓடணும்?" என்றான் யல்மாரி. "இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, வாப்பு. ஒருத்தருக்கு விதிவிலக்கு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"எனக்கு இல்ல யல்மாரி, சவுனாவுக்குக் கேக்கறேன்."

"இப்ப ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்பறம் என்ன."

ஓடியதற்குக் காரணம், நான் பதினோரு மாதமாக லாக் அவுட் செய்யவே இல்லை. என் மேசைத் திரையைப் பூட்டிவிட்டுப் போவேன், அதில் 'தொட்டால் கையை உடைப்பேன்' என்று காகிதம் ஒட்டியிருப்பேன். சர்வரே சில ஞாயிற்றுக்கிழமைகளில் அணைந்து எழும். அப்போதெல்லாம் பனியில் சறுக்கிக்கொண்டு வந்து உள்ளே நுழைந்து எல்லாக் குழுக்களையும் மறுபடி எழுப்பிவிட்டுப் போவேன். நடுக்கோடை யூஹான்னுஸ் பண்டிகைக்கு ஏரிக்கரைக் குடிலில் எல்லாரும் கொக்கோ என்னும் சொக்கப்பனையைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது நான் படகுத்துறை நுனியில் சிக்னல் தேடிக்கொண்டு நின்றேன். என் புருஷன் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு கழிவறையில் மாட்டியிருக்கிறான்.

இந்த லட்சணத்தில், இலையுதிர் காலத்தில் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. சனி, ஞாயிறு கவனிப்பு இனிமேல் வழக்கமான வேலையில் அடக்கம், அதற்குத் தனி ஊதியமும் இல்லை, மாற்று ஓய்வும் இல்லை. எல்லாம்தான் தானாக நடக்கிறதே. எங்கள் சங்கப் பிரதிநிதி ரௌலி அதைக் காபி அறையில் சத்தமாக வாசித்தான். வாசித்து முடிக்கும் முன்பே கை தூக்கியாகிவிட்டது. வெள்ளி மதியம் முதல் வேலைநிறுத்தம்.

வியாழன் இரண்டு மணிக் காபிக்கு யல்மாரி வந்தான். ஏலக்காய் ரொட்டியை ஆளுக்கொன்று எடுத்திருந்தோம். அவன் எடுக்கவில்லை.

"நாளைக்கு வெளிய நிக்கிறவங்க பன்னெண்டு மணிக்குள்ள எல்லாத்துலேருந்தும் லாக் அவுட் பண்ணியிருக்கணும்," என்றான். "யாரோட லாக் இன்னாவது திறந்து கிடந்தா, அத்துமீறி உள்ள நுழைஞ்சதா எடுத்துக்குவோம்."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். "நான் லாக் அவுட் பண்ணா குழு எல்லாம் அணைஞ்சிடும். சவுனா ஒண்ணும் சூடாகாது. அந்த ஒரு வரியை இன்னிக்கு அடிச்சிடு, நான் நிம்மதியா வெளிய நிப்பேன்."

"பயமுறுத்தறியா?"

"சொல்றேன்."

"லாக் அவுட் பண்ணு, வாப்பு." சொல்லிவிட்டுப் போனான். போகிற போக்கில் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம், ஆறு பேர் காதிலும் விழுந்தது. பிற்பாடு அது எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் ஆறு பேருமே மறுநாள் வெளியே நின்றவர்கள்.

எங்கள் அலுவலகம் பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் தரைத்தளம். தெருப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. போகிறவர் வருகிறவர் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று உள்ளே சுவர் அகலத்துக்கு ஊர் வரைபடம் ஒன்றை வைத்திருந்தார்கள். எந்தக் கட்டடத்து சவுனா ஓடுகிறதோ அது பச்சையாக மின்னும். வெள்ளி மதியம் நாங்கள் கண்ணாடிக்கு வெளியே இரும்புப் பீப்பாயில் தீ மூட்டி, பிளாஸ்கைத் திறந்துகொண்டு நின்றோம். நான்தான் கடைசியாக வெளியே வந்தேன். திரையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து, ஒரு வார்த்தை அடித்து, லாக் அவுட் செய்தேன். நடந்து வாசலுக்கு வருவதற்குள் வரைபடம் ஒவ்வொரு பேட்டையாக இருண்டுகொண்டு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மணி ஒன்றுக்கு யல்மாரி கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்தான்.

"என்ன பண்ண நீ?"

"நீ சொன்னதைப் பண்ணேன்."

"இது நாசவேலை. வேணும்னே பண்ணியிருக்க. போலீஸ்ல புகார் குடுக்கறேன். திங்கக்கிழமை நீ வரவே வேண்டாம்."

"நேத்து சொன்னேனே, யல்மாரி."

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல." எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "நீங்க எல்லாம் ஒரே கூட்டம். என்ன வேணாலும் சொல்வீங்க."

கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது. முப்பது வருஷம் இந்த ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் நான். நாசவேலை செய்தவள் என்று ஒருமுறை பெயர் வந்தால் எந்தக் கம்பெனியும் சர்வர் பக்கம் அண்ட விடாது. வேலை போனால் போகட்டும். பெயரை யார் திருப்பித் தருவார்கள்?

ரௌலி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "நிஜமாவே நீ உள்ள ஒண்ணும் வெச்சிட்டு வரலையே?"

"நீயுமா?"

"கேக்கறேன் வாப்பு. நாளைக்கு என்கிட்ட கேப்பாங்கல்ல."

"ஒண்ணும் வைக்கல. நான் வெளிய வந்தேன், என்னோட சேர்ந்து அதுங்களும் வெளிய வந்துடுச்சு."

"அப்பன்னா அஞ்சு நிமிஷம் உள்ள போய் ஏத்திவிட்டுட்டு வந்துடேன். புகார் கிகார்னு இழுக்காம முடிஞ்சிடும்."

"போனா நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. போக மாட்டேன்டா. நீயே கையைப் பிடிச்சு இழுத்தாலும் போக மாட்டேன்."

நாலு மணிக்கு என்சியோ வந்தார். தோளில் துண்டு, கையில் பீர் டப்பா. ஆறு மணி முறை ரத்து என்று போனில் தகவல் வந்ததும் நேராக டிராம் பிடித்திருக்கிறார்.

"எதிர்வீட்டுக்காரின்னு பாக்கறேன்," என்றார். "என் முதுகு வாரம் பூரா இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் காத்துக்கிட்டு கிடக்கு. உங்க சண்டைக்கு என் முதுகுதானா கெடச்சுது?"

"நான் அணைக்கல, என்சியோ. உள்ள ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன்கிட்ட கேளுங்க."

"அவன் உன்னைச் சொல்றான், நீ அவனைச் சொல்ற."

"நின்னு பாருங்க. கண்ணாடிதானே, எல்லாம் தெரியும்."

உண்மையிலேயே எல்லாம் தெரிந்தது. யல்மாரி என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, தன் டெர்மினலையே சுவரில் போட்டுக்கொண்டு அடிக்கத் தொடங்கினான். யாருடைய உதவியும் இல்லாமல் கட்டுகிறேன் பார் என்று எங்களுக்குக் காட்டத்தான். பெரிய எழுத்து, தெருவிலிருந்தே படிக்கலாம். குழு ஒன்றை உண்டாக்கினான், பெயர் கொடுத்தான், கன்டெய்னர்களை உள்ளே விட்டான். எல்லாம் ஓடுவதாக டெர்மினல் சொன்னது. வரைபடம் மட்டும் அசையவில்லை.

"என்ன ஆச்சு அவனுக்கு?" என்றார் என்சியோ.

"வாசல் வைக்க மறந்துட்டான்."

"வெச்சுக்கிட்டா போச்சு."

"இப்ப முடியாது. கட்டும்போதே வெச்சிருக்கணும். இனிமே இடிச்சுட்டு மறுபடி கட்டணும்."

அவன் அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கண்ணாடியைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். என் விரல் ஒருமுறை கண்ணாடி வரை போயும் போனது. போலீஸ் என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது, கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் அவன் மானத்தை விட்டுவிட்டு, பொதுவில் வைத்திருந்த என் கமாண்ட் கோப்பையே எடுத்து ஓட்டினான். தன் கணக்கில்தான். வரைபடம் பச்சைப் பச்சையாக எரிந்தது. தெருவில் துண்டோடு நின்ற இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். யல்மாரி நாற்காலியைத் திருப்பிக் கண்ணாடி வழியாகக் காபிக் கோப்பையை எங்கள் பக்கம் உயர்த்திக் காட்டினான். பிறகு மேசையை ஒதுங்க வைத்து, லாக் அவுட் செய்து, கோட்டு மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

"பாத்தீங்கல்ல?" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "ஒரு பழுதும் இல்ல. ஒருத்தி நிறுத்தினா, நான் ஓட்டிட்டேன். கதை அவ்வளவுதான்."

அவன் தோளுக்குப் பின்னால் வரைபடத்தில் ஹெர்வன்தா பேட்டை இருண்டது. பிறகு கலேவா இருண்டது.

"யல்மாரி," என்றேன், "திரும்பிப் பாரு."

"இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"விளையாட்டு இல்ல. லாக் அவுட் பண்ணிட்டு வந்தியா?"

"பின்ன? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். "ஏழு மணி முறை எனக்கு. கல்லுல தண்ணி ஊத்தும்போது உங்களை நெனச்சுக்கறேன்."

அவன் தெருமுனை திரும்பும்போது வரைபடத்தில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. எங்களில் யாரும் சிரிக்கவில்லை. என்சியோ மட்டும் பீர் டப்பாவைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி, நீ அணைக்கல," என்றார்.

ஏழரைக்கு டாக்சியில் திரும்பி வந்தான். கோட்டுக்குக் கீழே குளியல் அங்கி, வெறும் கணுக்கால், ரப்பர் செருப்பு. அவன் கட்டடத்துக்காரர்கள் வராந்தாவில் துண்டோடு வரிசையாக நின்று, இவன் எந்தக் கம்பெனி ஆள் என்று தெரிந்தவர்களாகையால், வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறார்கள். எங்களைப் பார்க்கவே இல்லை, நேராக உள்ளே போனான். மறுபடி என் கோப்பை ஓட்டினான், பச்சை வந்தது. பிறகு வாசல் வரை வந்து கதவை விரல் அகலம் திறந்தான்.

"உள்ள எங்கயோ பொறி வெச்சிருக்க. நான் கிளம்பினதும் அணையற மாதிரி. அதைக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

"தேடு," என்றேன். "தேடற வரைக்கும் லாக் அவுட் மட்டும் பண்ணிடாத, என்சியோவுக்கு எட்டு மணிக்கு முறை மாத்திக் கெடச்சிருக்கு."

அன்றிரவு அவன் வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமை நாங்கள் முறை வைத்துப் பீப்பாய்க்கு வந்தபோதும் அங்கேயே இருந்தான், அதே அங்கியில், என் கமாண்ட்களை ஒவ்வொரு வரியாகச் சுவரில் ஏற்றிப் படித்துக்கொண்டு. பதினோரு மாதமாக நான் எழுதியது எல்லாம் ஊர் பார்க்கச் சுவரில் ஓடியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். பொறி இருந்தால்தானே கிடைக்கும். மதியம் ரௌலி கறுப்பு சாசேஜ் வாங்கி, லிங்கன் பழ ஜாமோடு கதவருகே வைத்துவிட்டு வந்தான். சிறிது நேரத்தில் காகிதத் தட்டு காலியாக வெளியே வந்தது. சங்க விதியில் இதற்குத் தடை உண்டா என்று யாரோ கேட்டார்கள். பசிக்கு விதி கிடையாது என்றான் ரௌலி.

நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் அந்த நாற்காலியில் கழுத்தைச் சாய்த்துத் தூங்குவதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருக்கவில்லை. வயிறு குளிர்ந்தது. அந்த நாற்காலியில் அந்தக் கோணத்தில் கழுத்து எங்கே வலிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு பிற்பகல் அவன் ஒரு காரியம் செய்தான். நான் அதை எதிர்பார்க்கவில்லை. என் கோப்பை மூடினான். வெறும் டெர்மினலைத் திறந்து, தன் வீடு இருக்கும் பேட்டைக்கு மட்டும் ஒரு குழுவைத் தானே, முதல் எழுத்திலிருந்து, கட்ட ஆரம்பித்தான். நான் பிளாஸ்கை ரௌலியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியருகே போய் நின்றேன். என்சியோவும் வந்து நின்றார். அவர் முதுகு குணமாகியிருந்தது, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்.

குழுவுக்குப் பெயர் வைத்தான். இந்த முறை வாசலை மறக்கவில்லை. கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டான், ஒவ்வொன்றும் எழுந்ததா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். நன்றாகத்தான் கட்டினான், குறை சொல்ல மாட்டேன். என் கை பட்ட எழுத்து அதில் ஒன்றுகூடக் கிடையாது. அவன் பேட்டை பச்சையாக எரிந்தது. அவன் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு லாக் அவுட் செய்தான்.

பச்சை போய்விட்டது.

மறுபடி உள்ளே வந்தான், தன் குழுவை எழுப்பினான், பச்சை வந்தது. லாக் அவுட் செய்தான். போய்விட்டது. இன்னொரு தடவை செய்வான் என்று நினைத்தேன், செய்யவில்லை. எல்லாக் குழுக்களையும் ஏற்றி ஊரைப் பச்சையாக்கிவிட்டு, லாக் அவுட் செய்யாமல் எழுந்து வெளியே வந்தான். ரப்பர் செருப்பு உறைந்த கல்லில் டக் டக்கென்று கேட்டது.

"பொறி ஒண்ணும் இல்ல," என்றான்.

"இல்ல."

"நீ சொன்ன."

"என்ன சொன்னேன்?"

அவன் பீப்பாயைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை. காபி சாப்பிடும்போது. லாக் அவுட் பண்ணா அணைஞ்சிடும்னு."

"எனக்குக் கேக்குது. ரௌலிக்குக் கேக்கல. அந்தா என்சியோ நிக்கிறாரு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எனக்கு ஒரு மந்தமும் இல்ல," என்றார் என்சியோ. "ஆனாலும் சத்தமாவே சொல்லட்டும்."

யல்மாரி நிமிர்ந்தான். அங்கியும் கோட்டுமாக, மூன்று நாள் தாடியோடு, தெருவில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "வாப்பு முன்கூட்டியே என்கிட்ட சொன்னா. ஒரு தடவை இல்ல, வருஷம் பூரா சொன்னா. நான்தான் லாக் அவுட் பண்ணச் சொன்னேன். அவ எதையும் நிறுத்தல." பிறகு என்னிடம், "புகாரை நாளைக்கு வாபஸ் வாங்கிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் இல்ல."

இரண்டு நாளாக என் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. நன்றி சொல்லவில்லை. எடுத்ததைத் திருப்பி வைத்தவனுக்கு எதற்கு நன்றி.

"அந்த வரி," என்றான்.

சொன்னேன். கதவருகே நின்று, உள்ளே போகாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முழு அதிகாரக் கணக்கில் நுழைந்து அவன் அடித்தான். தன் பெயருக்கு ஒரு தடவை, பிறகு கேட்காமலே என் பெயருக்கு ஒரு தடவை. டெர்மினல் ஒன்றும் சொல்லவில்லை. அது ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள். அவன் லாக் அவுட் செய்தான். ஹெர்வன்தா அப்படியே இருந்தது. கலேவா அப்படியே இருந்தது. ஊர் முழுக்கப் பச்சையாக, ஆளில்லாமல் ஓடியது.

ரௌலி என் காதருகே முணுமுணுத்தான். "கையில இருந்த ஒரே துருப்புச் சீட்டைக் குடுத்துட்டியே."

"அது துருப்பு இல்லடா, ஊர்க்காரங்க குளிக்கிற சவுனா. அதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுப் பேரம் பேசினா அவன் சொன்னது நெஜமாயிடும்."

யல்மாரி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். முகத்தில் லேசாகப் பழைய களை வந்துவிட்டது. "சரி. இனிமே நெஜமாவே தானா ஓடும். நாளைக்கு எல்லாரும் உள்ள வாங்க. சண்டை முடிஞ்சுது."

"சர்வர் என்னிக்காவது அணைஞ்சு எழுந்தா?" என்றேன். "பூட்டு ஒண்ணு ஞாயித்துக்கிழமை சிக்கிக்கிட்டா? தானா யாரு வருவா?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து இங்க உக்காந்திருக்க. எப்படி இருந்துச்சு?"

"கழுத்து வலிக்குது."

"சனி, ஞாயிறு. யாராவது இதுக்குத் தனியா ஏதாவது தர்றேன்னாங்களா? ஒரு நாள் லீவாவது?"

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். அவனுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அந்த அறிவிப்பை எழுதியவன் அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காபி அறைச் சுவரில் ஒட்டியவன் அவன்தான்.

"அதைத்தான் நாங்க கேக்கறோம்," என்றேன். "நீ உள்ள உக்காந்துட்டு வந்தது ரெண்டு நாள். நான் பதினோரு மாசம். மேல இருக்கறவங்ககிட்ட நாளைக்குப் போய்ச் சொல்லு, நீ உக்காந்த கதையைச் சொல்லு. அந்த அறிவிப்பைக் கிழிச்ச அன்னிக்கு நாங்க உள்ள வரோம்."

அவன் கொஞ்ச நேரம் தீயருகே நின்று குளிர் காய்ந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. ரௌலி பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினான், வாங்கிக் குடித்தான். பிறகு டிராம் நிறுத்தத்துக்கு நடந்தான், அங்கி நுனி கோட்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

என்சியோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நீ வீட்டுக்கு வரலையா? எல்லாம்தான் ஓடுதே."

"ஓடட்டும்," என்றேன். "நான் நிக்கிறேன்."

பீப்பாயில் தீ தணிந்திருந்தது. இன்னொரு கட்டையை எடுத்துப் போட்டேன்.